அலேசியா முற்றுகையைச் சிறு பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கதைக்கூடம்:

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வரலாற்றுக் கதைகள் சொல்லிவருகிறேன். ஆறு வயது முதல் ஒன்பது வயது வரை உள்ளவர்கள். ரோமானியர் கதை என்றால் அவர்களுக்கு அப்படி ஓர் ஆசை. போர் என்றாலே வாள் வீச்சு என்று நினைத்திருக்கும் பிள்ளைகளிடம் மண்வெட்டியால் வென்ற ஒரு போரைச் சொல்லலாம் என்று கி.மு. 52இல் நடந்த அலேசியா முற்றுகையை எடுத்துக்கொண்டேன். எழுதிவைத்திருக்கும் முதல் பாதியைக் கீழே தருகிறேன்.

"இன்று நாம் பிரான்ஸ் என்று சொல்லும் நாட்டுக்கு அந்தக் காலத்தில் காலியா என்று பெயர். அங்கே ஒரே அரசர் கிடையாது. பல குலங்கள், குலத்துக்கு ஒரு தலைவர். ரோமிலிருந்து ஜூலியஸ் சீசர் என்ற தளபதி படையோடு வந்து ஒவ்வொரு குலமாக அடக்கிக்கொண்டே போனார். ஆறு வருடங்கள் இப்படியே கழிந்தன. ஏழாவது வருடம் ஓர் இளைஞர் எழுந்தார். அவர் பெயர் வெர்சிங்கெடோரிக்ஸ். நீளமான பெயர்தான், மூன்று முறை சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். தனித்தனியாக நின்றால் ஒவ்வொருவராகத் தோற்போம் என்று கண்டுகொண்டு, பல குலங்களை அவர் ஒன்றுசேர்த்தார். கெர்கோவியா என்ற மலைக்கோட்டையில் சீசரையே தோற்கடித்தார்.

பிறகு நடந்த ஒரு குதிரைப்படைச் சண்டையில் அவர் பக்கம் தோற்றது. படையோடு அலேசியா என்ற ஊருக்குள் போய்விட்டார். அந்த ஊர் குன்றின் உச்சியில் இருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு ஆறுகள். சீசர் மேலே பார்த்தார். ஏறினால் என்ன ஆகும் என்று கெர்கோவியாவில் பார்த்துவிட்டார் அல்லவா? அதனால் ஏறச் சொல்லவில்லை, தோண்டச் சொன்னார். வீரர்கள் வாளை வைத்துவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். குன்றைச் சுற்றி அகழி வெட்டி, அந்த மண்ணைக் கொண்டே மதில் எழுப்பத் தொடங்கினார்கள். உள்ளே இருப்பவர் யாரும் வெளியே போகக்கூடாது, வெளியிலிருந்து ஒரு மூட்டை தானியமும் உள்ளே வரக்கூடாது. இதுதான் முற்றுகை.

மதில் முழுவதும் மூடிக்கொள்வதற்கு முன்னால், ஓர் இரவில் வெர்சிங்கெடோரிக்ஸ் தம் குதிரைவீரர்களை வெளியே அனுப்பினார். அவரவர் ஊருக்குப் போய், ஆயுதம் தூக்கக்கூடிய எல்லோரையும் அழைத்துவரச் சொன்னார். உள்ளே முப்பது நாளைக்குத்தான் தானியம் இருந்தது, அதுவும் சிக்கனமாக அளந்து கொடுத்தால்.

இந்தச் செய்தி சீசருக்கும் தெரிந்துவிட்டது. பெரிய படை வரப்போகிறது, அது ரோமானியரின் முதுகுப் பக்கம் வந்து நிற்கும். ஓடிவிடலாமா? சீசர் ஓடவில்லை. இன்னொரு மதில் கட்டச் சொன்னார்! முதல் மதில் ஊரைப் பார்த்து, இரண்டாவது மதில் வெளியைப் பார்த்து. உளுந்துவடையை நினைத்துக்கொள்ளுங்கள். நடு ஓட்டையில் அலேசியா, வடையில் ரோமானியர், வடைக்கு வெளியே வரப்போகும் காலியர் படை."

இதுவரை எனக்குத் தயக்கம் இல்லை. இதற்குப் பிறகு மாண்டுபியர் என்ற அந்த ஊர் மக்களின் கதை வருகிறது. அதைச் சொல்வதா, விடுவதா, எப்படிச் சொல்வது? இங்கே ஆசிரியர்களும் பெற்றோரும் இருக்கிறீர்கள். மனம் விட்டுச் சொல்லுங்கள்.

பழைய ஏடு:

வடை உதாரணம் பிள்ளைகள் மனத்தில் நிற்கும். அளவுகளைச் சேர்த்தால் இன்னும் நிற்கும், அவற்றைச் சீசரே எழுதிவைத்திருக்கிறார். உள்மதிலின் சுற்றளவு 11 ரோமானிய மைல், நம் கணக்கில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். வெளிமதில் 14 மைல், ஏறத்தாழ 21 கிலோமீட்டர். மதிலின் உயரம் 12 அடி. 80 அடிக்கு ஒரு கோபுரம். மதிலுக்கு முன்னால் 15 அடி அகலத்தில் இரண்டு அகழிகள், அவற்றில் உள்பக்க அகழியில் தாழ்வான இடங்களில் ஆற்று நீரைத் திருப்பிவிட்டார்கள். இவ்வளவுக்கும் முன்னால், வேலை செய்கிறவர்களை யாரும் திடீரென்று தாக்காதபடி 20 அடி அகலத்தில் செங்குத்தான பள்ளம் ஒன்று.

பொறிகளையும் விட்டுவிடாதீர்கள். மூன்றடி ஆழக் குழி, அடியில் நெருப்பில் வாட்டி இறுக்கிய கூரான மரக்கழி, நான்கு விரல் அளவு முனை மட்டும் வெளியே தெரியும், மேலே சுள்ளியும் தழையும் போட்டு மறைப்பு. இப்படி எட்டு வரிசை. பூவைப் போல் இருக்கிறதென்று வீரர்கள் இந்தக் குழிகளுக்கு லில்லி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓரடி நீளக் கட்டையில் இரும்புக் கொக்கி மாட்டிப் புதைத்த இன்னொரு வகையும் உண்டு.

படை எண்ணிக்கை விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். உள்ளே 80,000 பேர், உதவிக்கு வந்தவர்கள் 8,000 குதிரைவீரர்களும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் காலாட்படையும் என்பது சீசர் சொல்லும் கணக்கு. அந்தக் காலத்தில் இவ்வளவு பேருக்கு ஒரே இடத்தில் சோறு போடுவது எப்படி என்று கேட்டு, வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். எதிரி எத்தனை பெரிதோ வெற்றியும் அத்தனை பெரிதாகத் தெரியும் அல்லவா? "சீசர் சொன்ன கணக்குப்படி" என்ற சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

மணல்தட்டு:

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. மைதானத்தில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். பழைய ஏடு ஐயா கொடுத்த அளவையே எடுத்துக்கொண்டு, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் இரண்டு கயிறு: ஒன்று 16 மீட்டர், மற்றொன்று 21 மீட்டர். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டமாகப் போட்டால் நடுவில் முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமான இடம் கிடைக்கும். ரோமானியராக வரும் பிள்ளைகள் அந்த இடத்தில்தான் நிற்கவேண்டும். உண்மையான மதில்கள் மேடு பள்ளத்தை ஒட்டி வளைந்து சென்றவை, சரியான வட்டம் அல்ல. ஆனாலும் விளையாட்டுக்கு இது போதும்.

உள்ளே சிலர், வெளியே சிலர் நின்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காகிதப் பந்து எறியச் சொல்வேன். நடுவில் இருக்கும் பிள்ளைகள் முதலில் எல்லோரும் ஒரே பக்கம் திரும்புவார்கள், முதுகில் பந்து விழும். யாரும் சொல்லாமலே பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம் என்று முதுகோடு முதுகு சேர்த்து நின்றுகொள்வார்கள். பிறகு ஒரு மூலையில் ஆள் போதவில்லை என்று கூச்சல் வரும். அங்கே யாரை அனுப்புவது? சீசருக்குக் கடைசி நாளில் வந்த தலைவலி இதுதான்.

நெய்தல்:

கதைக்கூடம் ஐயா, நான் ஆறு வயதுப் பிள்ளையின் தாய். உங்கள் கதையைப் படிக்கும்போதே என் மகன் கண்கள் விரிவதைப் பார்க்க முடிகிறது. ஆனால் மாண்டுபியர் பகுதி வேண்டாம் என்பது என் கருத்து. அம்மாவோடும் அப்பாவோடும் வெளியே துரத்தப்பட்டு, போக இடமில்லாமல் பசியில் கிடந்த குழந்தைகளைப் பற்றிக் கேட்டுவிட்டு அவன் இரவில் தூங்கமாட்டான். அவன் வளரட்டும், தானே படித்துத் தெரிந்துகொள்வான்.

ரோமானிய முற்றுகைதான் வேண்டும் என்றால் சிராக்கூஸ் இருக்கிறதே. சிசிலித் தீவில் கி.மு. 213 முதல் 212 வரை நடந்தது. ஆர்க்கிமிடீஸ் செய்த பொறி மதிலிலிருந்து நீண்டு வந்து, ரோமானியக் கப்பலின் முன்பக்கத்தை இரும்புக் கையால் பிடித்துத் தூக்கி, செங்குத்தாக நிறுத்திவிட்டுத் தடாலென்று கைவிடுமாம். பிள்ளைகள் கைதட்டிக் கேட்பார்கள். அறிவால் ஊரைக் காத்த கதை என்று நிறைவாகச் சொல்லி முடிக்கலாம்.

கதைக்கூடம்:

சகோதரி, நீங்கள் சொல்லும் இரும்புக்கை எனக்கும் மிகப் பிடித்தது. ஆனால் சிராக்கூஸ் கதையை எந்த இடத்தில் முடிப்பது? ஆர்ட்டெமிஸ் தேவியின் திருவிழாவில் ஊர் மெய்ம்மறந்திருந்த இரவில் ரோமானியர் ஏணி வைத்து ஏறினார்கள். கடைசியில் நகரம் சூறையாடப்பட்டது, தளபதி மார்செல்லஸ் கொல்லவேண்டாம் என்று விரும்பியும் ஆர்க்கிமிடீஸை ஒரு வீரன் கொன்றுவிட்டான். இரும்புக்கையோடு கதையை நிறுத்தினால், ஊர் தப்பித்தது என்றல்லவா பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்? முற்றுகை என்று எதை எடுத்தாலும் இந்த இடத்துக்கு வந்துதான் ஆகவேண்டியிருக்கிறது.

வடமதில்:

சொல்லத்தான் வேண்டும் என்பவன் நான். மென்மையாகச் சொல்லுங்கள், ஆனால் மறைக்காதீர்கள்.

நீங்கள் எழுதிய முதல் பாதியை மறுபடி படித்துப் பாருங்கள். சீசர் பார்த்தார், சீசர் முடிவு செய்தார், சீசர் கட்டச் சொன்னார். கேட்கும் பிள்ளை சீசரோடு மதில்மேல் நின்றுகொண்டிருக்கிறது. ஏனென்றால் இந்த முற்றுகையைப் பற்றி நமக்கு விரிவாகக் கிடைத்திருப்பது சீசர் எழுதியது. வெர்சிங்கெடோரிக்ஸ் எழுதியது ஒரு வரியும் இல்லை. தம்மையே "சீசர்" என்று வேறொருவரைப் போலக் குறிப்பிட்டு எழுதியவர் அவர், அதனால் யாரோ நடுநிலையாளர் சொல்வது போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. மதிலின் மறுபக்கம் யார் இருந்தார்கள் என்று பிள்ளைகள் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் மாண்டுபியர் வருகிற இடம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அருமையான மதில் கட்டிய ஒருவரின் புகழ்மாலை மட்டுமே.

சீசர் அதை எழுதியிருக்கும் விதம் என்னை இன்றும் உலுக்குகிறது. ஊருக்குள் படையை ஏற்றுக்கொண்ட மாண்டுபியர் தங்கள் மனைவி மக்களோடு வெளியேற்றப்படுகிறார்கள். ரோமானிய மதிலருகே வந்து, எங்களை அடிமையாக ஏற்றுக்கொண்டு உணவு கொடுங்கள் என்று அழுது மன்றாடுகிறார்கள். சீசர் மதிலில் காவல் வைத்து, அவர்களை உள்ளே விடக்கூடாது என்று தடுத்துவிடுகிறார். இவ்வளவுதான். அடுத்த வரியில் உதவிப்படை வந்து சேர்ந்த செய்திக்குப் போய்விடுகிறார். அந்த மக்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பிற்காலத்தில் எழுதிய காசியஸ் டியோ சொல்கிறார்: ஊரும் அவர்களைத் திரும்ப ஏற்கவில்லை, பாசறையும் ஏற்கவில்லை, இரண்டுக்கும் நடுவில் பரிதாபமாக மடிந்தார்கள்.

நெய்தல் அம்மாவின் கவலை எனக்குப் புரிகிறது. என் பேத்திக்கும் ஆறு வயதுதான். ஆனால் பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள். ஊரை மூடிவிட்டார்கள் என்று சொன்ன உடனே "உள்ளே பாப்பா எல்லாம் இருந்ததா?" என்று ஒரு குரல் வரும். அப்போது இல்லை என்று சொல்வீர்களா?

பழைய ஏடு:

சீசர் ஏன் கதவைத் திறக்கவில்லை என்றும் பிள்ளைகள் கேட்பார்கள், பதிலோடு போங்கள். அவருடைய படைக்கும் முப்பது நாளைக்கான தானியமும் தீவனமும் சேர்த்துவைக்கச் சொல்லியிருந்தார். வெளிமதில் எழுந்த பிறகு ரோமானியரும் ஒருவகையில் முற்றுகைக்குள் இருந்தவர்களே. வந்த மக்களை ஏற்றுக்கொண்டால் சோறு போடவேண்டும். ஏற்காவிட்டால், அவர்களை ஊர் திரும்ப எடுத்துக்கொள்ளும், தானியம் விரைவில் தீரும் என்ற கணக்கு. இந்தக் காரணம் பிள்ளைகளுக்கும் விளங்கக்கூடியது. அது காரணம் மட்டுமே, அதனால் செய்தது சரியாகிவிடாது என்பதையும் அவர்களால் பிரித்துப் பார்க்க முடியும். ஊருக்குள் இருந்த தலைவர்களும் அதே கணக்கைத்தான் போட்டார்கள் என்பதை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் கெட்டவர்கள் என்ற கதையாகிவிடும்.

ஒன்றை மட்டும் இந்த வயதுக்குச் சொல்லவேண்டாம். ஊருக்குள் நடந்த ஆலோசனைக் கூட்டத்தில், போருக்கு உதவாதவர்களின் உடலை உண்டு தாக்குப்பிடிக்கலாம் என்று கிரிட்டோக்னாட்டஸ் என்ற தலைவர் முன்வைத்த யோசனை. படித்தவர்களுக்குத் தெரியும். பதினைந்து வயதில் தெரிந்துகொண்டால் போதும்.

செய்ன் கரை:

நான் பாரிஸில் வசிக்கிறேன். விடுமுறையில் பிள்ளைகளோடு அந்த இடத்துக்குப் போயிருக்கிறோம். பர்கண்டி பகுதியில், டிஜோன் நகருக்கு வடமேற்கே அலிஸ்-சாந்த்-ரேன் என்ற சிற்றூர். கீழே சமவெளியில் 2012இல் திறந்த வட்ட வடிவக் காட்சியகம் இருக்கிறது. அதன் மொட்டைமாடியில் நின்றால் குன்றும் சுற்றியிருக்கும் மலைகளும் ஒருசேரத் தெரியும். வெளியே ரோமானிய மதிலின் ஒரு பகுதியை, ஏறத்தாழ நூறு மீட்டருக்கு, அகழி, கோபுரம், கூரான கிளைகள் எல்லாம் வைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். புத்தகத்தில் 12 அடி என்று படிப்பது வேறு. அகழிக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்ப்பது வேறு. என் இளைய மகள் அகழியின் விளிம்பில் நின்று, "இதை யார் தோண்டினார்கள்?" என்று கேட்டாள். அதிலிருந்துதான் எங்கள் வீட்டில் இந்தக் கதை தொடங்கியது.

குன்றின்மேல் வெர்சிங்கெடோரிக்ஸ் சிலை நிற்கிறது, ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரம், நீண்ட முடி, தொங்கும் மீசை. 1865இல் மூன்றாம் நெப்போலியன் நிறுவியது. அகழாய்வை முதலில் பெரிய அளவில் நடத்தச் செய்தவரும் அவர்தான். பிறகு 1991 முதல் 1997 வரை பிரெஞ்சு, ஜெர்மானிய அறிஞர்கள் சேர்ந்து மறுபடி தோண்டினார்கள். அகழிகளும் பொறிக்குழிகளும் இருந்தது உறுதியாயிற்று. ஆனால் எல்லா இடத்திலும் சீசர் சொன்ன ஒரே வரிசையில் இல்லை, இடத்துக்கு இடம் மாறியிருந்தது. கவணில் வைத்து எறியும் ஈயக் குண்டுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. சீசரின் துணைத்தளபதி லாபியேனஸின் பெயரைச் சுருக்கிப் பொறித்தவையும் அவற்றில் உண்டு. பெயர் எழுதிய குண்டு என்றதும் பிள்ளைகள் விடவே மாட்டார்கள்.

நெய்தல்:

வடமதில் ஐயா, உங்கள் கேள்வி என்னை யோசிக்கவைத்தது. பொய் சொல்லச் சொல்லவில்லை நான். "இருந்தார்கள்" என்று சொல்லலாம். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வது ஒன்று, கேட்காத பிள்ளைக்கும் சேர்த்து விவரித்துக்காட்டுவது வேறொன்று. ஆறு வயதும் ஒன்பது வயதும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்கும் இடத்தில் யார் வயதுக்குக் கதையை அளப்பது? இதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

மணல்தட்டு:

அக்கா சொல்வது நியாயம். எங்கள் பள்ளியில் சிறியவர்களுக்கு மதிலும் பொறியும் விளையாட்டும் மட்டும். மூன்றாம், நான்காம் வகுப்புக்கு முழுக் கதை. கதைக்கூடம் ஐயா, நூலகத்தில் சிறியவர்களை ஓவியம் வரைய அடுத்த அறைக்கு அனுப்ப வழியிருக்கிறதா?

கதைக்கூடம்:

வழி இருக்கிறது. உதவிக்கு ஒரு தன்னார்வலர் வருகிறார். அப்படியே செய்யலாம். பெரிய பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்வதாக எழுதியிருக்கிறேன்:

"ஊருக்குள் தானியம் தீர்ந்துகொண்டே வந்தது. அந்த ஊரின் சொந்தக்காரர்கள் மாண்டுபியர். வெர்சிங்கெடோரிக்ஸின் படைக்குக் கதவு திறந்து இடம் கொடுத்தவர்கள். மிச்சம் இருக்கும் தானியம் சண்டை போடுகிறவர்களுக்கே வேண்டும் என்று சொல்லி, அவர்களை மனைவி குழந்தைகளோடு ஊரைவிட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் ரோமானியரிடம் போய் உணவு கேட்டார்கள். சீசர் உள்ளே விடவேண்டாம் என்றார். ஊரும் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊருக்கும் ரோமானிய மதிலுக்கும் நடுவில் அவர்கள் பசியால் இறந்துபோனார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியும். காப்பாற்றவில்லை.

பிறகு உதவிப்படை வந்தது. முதல் நாள் குதிரைச் சண்டை. அடுத்து ஒரு நள்ளிரவில், தட்டிப்படல்களும் ஏணிகளும் கொக்கிகளும் எடுத்துக்கொண்டு வெளிமதிலை நோக்கி வந்தார்கள். இருட்டில் பொறிக்குழிகள் தெரியவில்லை. உள்ளே இருந்தவர்களும் அகழியை நிரப்பிக்கொண்டு வர நேரமாகிவிட்டது. மூன்றாவது முறை நடுப்பகலில் வந்தார்கள். வடக்கே ஒரு மலை மிகப் பெரிதாக இருந்ததால் அதை மதிலுக்குள் அடக்க முடியவில்லை, அந்தச் சரிவில் இருந்த பாசறைதான் ரோமானியரின் பலவீனமான இடம். வெர்சிங்கெடோரிக்ஸின் உறவினரான வெர்காசிவெல்லானஸ் படையோடு அங்கே மேலிருந்து பாய்ந்தார். சீசர் லாபியேனஸை அனுப்பினார். பிறகு தாமே போனார். அவர் மேலாடையின் நிறத்தை வைத்தே இரு பக்கத்தாரும் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். ரோமானியக் குதிரைப்படை வெளியே சுற்றிவந்து பின்பக்கம் தாக்கியது. உதவிப்படை சிதறி ஓடியது.

மறுநாள் வெர்சிங்கெடோரிக்ஸ் சரணடைந்தார். பிடிபட்டவர்களில் பலரை வீரருக்கு ஒருவராக அடிமைகளாகப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். வெர்சிங்கெடோரிக்ஸை ஆறு வருடங்கள் சிறையில் வைத்திருந்து, கி.மு. 46இல் ரோமில் வெற்றி ஊர்வலத்தில் காட்டிவிட்டுக் கொன்றார்கள்."

அவர் அழகான குதிரையில் வந்து சீசரைச் சுற்றி வலம்வந்து ஆயுதங்களைக் கழற்றினார் என்று பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் காட்சியை விட்டிருக்கிறேன். சீசர் எழுதியதில் அது இல்லை. நாடகம் போல அழகாக இருக்கும் அந்தக் காட்சியில் மாண்டுபியர் மறந்துபோவார்கள் என்று அஞ்சுகிறேன்.

வடமதில்:

இது போதும், இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவேண்டாம். "காப்பாற்றவில்லை" என்று சொன்ன பிறகு உடனே சண்டைக்குத் தாவாதீர்கள். பிள்ளைகள் ஏதாவது கேட்பார்கள், கேட்க இடம் கொடுங்கள்.

நெய்தல்:

ஒன்பது வயதுக்கு எனக்கும் சம்மதம். என் மகனை அடுத்த அறையில் லில்லிக் குழியும் கோபுரமும் வரைய அனுப்புகிறேன். வீட்டுக்கு வந்து அவன் கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பகுதியை மட்டும் காலை நேரத்தில் வையுங்கள் ஐயா, படுக்கப்போகும் முன்பு கேட்கிற கதையாக வேண்டாம்.

கதைக்கூடம்:

காலை பத்தரைக்கு வைத்துக்கொள்கிறேன் சகோதரி. மணல்தட்டு அம்மா, கயிறு நூல்கயிறா, நைலானா? எங்கள் முற்றம் சிமென்ட் தரை.

மணல்தட்டு:

சிமென்ட் தரைக்குக் கயிறு வேண்டாம், கால் இடறும். சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடுங்கள். நடுவில் ஒரு முளை வைத்து நூல் கட்டி, இரண்டரை மீட்டரில் ஒரு வட்டம், மூன்றேகால் மீட்டருக்குச் சற்று மேலே இன்னொரு வட்டம். இருபது பிள்ளைகளுக்கு அது தாராளம்.